ஃப்ரிட்ஜில் இருந்த கை

என் இடது கை ஒரு வருஷம் எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மெழுகில் எடுத்த அச்சைச் சொல்கிறேன். நிஜக் கை ஸ்ரீரங்கத்தில் என்னோடுதான் இருந்தது. இந்த இரண்டில் எது என் கை என்று எனக்கும் ஒரு கிட்டார் செய்கிறவருக்கும் நடந்த சண்டையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதனால் ரொம்ப நியாயமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவள். காலேஜில் பிடித்த பழக்கம். வேலைக்குப் போன பிறகும், கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகும் விடவில்லை. ஒரு மெல்லிசைக் குழுவோடு சேர்ந்து கல்யாண வரவேற்புகளில் வாசித்தேன். பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் கிட்டாரையும் மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்கிற பெண்மணியைத் திருச்சி கல்யாண மண்டபங்களில் எங்காவது பார்த்திருந்தீர்களானால், அது அநேகமாக நான்தான். சாப்பாட்டுப் பந்திக்குப் போகிறவர்கள் நின்று ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் இடது கை மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன், கடைசியில் நகைக்கடையில் வெட்டி எடுத்தார்கள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க அரை மணி நேரம் ஆனது. முடக்குவாதம் என்று தெரிந்தது. தில்லைநகர் டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரை சாப்பிட்டா வேகம் குறையும்மா. ஆனா போனது திரும்பி வராது. இருக்கறத வெச்சு என்னென்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க" என்றார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

பண்ணிக்கொள்ள எனக்கு ஒன்றுதான் இருந்தது. வாசிக்க வேண்டும். விரல்கள் மடங்குகிற வரைக்கும் வாசிக்க வேண்டும்.

முதலில் போனது, ஒரு விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்துகிற பிடி. அது இல்லாவிட்டால் கல்யாணப் பாட்டுகளில் பாதி நடக்காது. குழுவில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு கிட்டார் சத்தத்தையும் தானே வாசிக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டு, விரல்களை மேலும் கீழும் நகர்த்தி வாசிக்கிற மாதிரி நின்றேன். ஒரு வரவேற்பு முழுக்க அப்படி நின்றேன். அடுத்த வரவேற்புக்கு நான் போகவில்லை.

கடையில் விற்கிற கிட்டார் எதுவும் என் கைக்குச் சரிப்படவில்லை. கழுத்து நீளமாக இருந்தது, கனமாக இருந்தது. கழுத்து என்றால் இடது கை பிடிக்கிற அந்த நீண்ட பாகம். கிட்டார்க்காரர்கள் நெக் என்போம். குழந்தைகளுக்கான சின்ன கிட்டார் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அது சுருதியிலேயே நிற்கவில்லை. அப்போதுதான் எங்கள் டிரம்ஸ்காரர், எடமலைப்பட்டி புதூரில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எலக்ட்ரிக் கிட்டார் செய்கிறார், கையைப் பார்த்து அதற்குத் தகுந்த மாதிரி செய்து கொடுக்கிறார் என்று சொன்னார்.

போன வருஷம் சித்திரை வெயிலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இடது பிரேக்கைப் பிடிக்க அப்போது கையில் தெம்பு இருந்தது. அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மரக்கட்டில், பீரோ செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து கிட்டார் செய்யக் கற்றுக்கொண்டாராம். கொட்டகையில் கொடியில் துணி காய்கிற மாதிரி வரிசையாக கிட்டார் உடம்புகள் தொங்கின. செய்து முடித்து வைத்திருந்த கிட்டார் ஒன்றை எடுத்து வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

என் கதையை மறைக்காமல் சொன்னேன். "தம்பி, கை போயிட்டிருக்கு. எவ்ளோ நாள் தாங்கும்னு டாக்டருக்கே தெரியல. இதுதான் நான் வாசிக்கப்போற கடைசி கிட்டார். புரியுதுங்களா?"

"புரியுது மேடம்" என்றார். முகம் மாறிவிட்டது. "கடைசி கிட்டாரா..." என்று ஒரு தரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அவசரம் புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு என் கையை அளவெடுத்தார். ஒரு கழியில் இளக்கிய மெழுகை அப்பி, கிட்டாரைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "கட்டை விரல் எங்க சுகமா இருக்கோ அங்க வைங்க மேடம். அமுக்காதீங்க. சும்மா வைங்க." மெழுகில் என் நான்கு விரல்களின் பள்ளங்களும், பின்பக்கம் கட்டை விரல் சாய்ந்த இடமும் பதிந்தன. இனி அந்த மெழுகுக்கு ஈயக் கம்பியை வளைத்து வளைத்து அளவெடுத்து, அதே வளைவில் மரத்தைச் செதுக்குவாராம். திருச்சி வெயிலில் மெழுகை வெளியே வைத்தால் அரை மணியில் கொழகொழவென்று ஆகிவிடும் என்பதால் அச்சுகளை எல்லாம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து, மாவுப் பாத்திரத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, என் கைக்கு இடம் பண்ணினாள். ஏற்கெனவே உள்ளே இரண்டு மூன்று கைகள் இருந்தன.

"கலர் என்ன மேடம்?" என்றார்.

"என்ன கலரா இருந்தா என்ன தம்பி. மரக் கலரே போதும். சீக்கிரம் குடுங்க."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. என் புடவையைப் பார்த்தார். அன்றைக்கு நான் கட்டியிருந்தது மயில்கழுத்து நிறம். "இதே கலர் பண்ணிடலாம் மேடம். இப்படிப் பாத்தா நீலம், அப்படித் திருப்பினா பச்சை." அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போனதற்காக நான் பிறகு என்னை எத்தனை தடவை திட்டிக்கொண்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

தீபாவளிக்குள் தருவதாகச் சொன்னார். மரம் வந்தது, மலைவேம்பு; இலேசான மரம், தோளை அழுத்தாது. ஆனால் மரம் வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுசாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்றார். நான் இருப்பது அம்மா மண்டபம் ரோட்டில். ஆடிப்பெருக்குக்கு ஊரே என் வாசல் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகிறது. "ஆடியில ஆத்துக்கே புதுத் தண்ணி வருது தம்பி, ஒரு கிட்டார் வரக்கூடாதா?" என்று கேட்டேன். சிரித்தார். சிரித்துவிட்டு ஆவணியில்தான் உளியை எடுத்தார்.

ஆவணியில் செதுக்கினார், புரட்டாசியில் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பதிக்கிற வேலை முடிந்தது. ஐப்பசியில் பெயின்ட் அடித்தார். அங்கே பிடித்தது சனி. முதல் தடவை அடித்த அன்று மழை. காற்றில் ஈரம் இருந்ததால் வார்னிஷ் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டதாம். முழுவதையும் சுரண்டினார். இரண்டாம் தடவை, மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பி ஈரப் பெயின்ட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. அதை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஒரே ஒரு ஈசல். கிட்டாரின் பின்பக்கம், என் வயிற்றின் மேல் படுகிற இடம். யார் பார்க்கப் போகிறார்கள்?

"இருக்கட்டும் தம்பி, ஈசலோட குடுங்க" என்றேன்.

"ஐயோ, உங்களுக்கா? வேணாம் மேடம்" என்று மறுபடியும் சுரண்டினார்.

தீபாவளி போயிற்று. அதற்குள் எனக்கு பாட்டில் மூடி திறக்க வரவில்லை. துணி பிழிய வரவில்லை. மாத்திரை டப்பாவைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. கை வலிக்கு மாத்திரை, அந்த மாத்திரையை எடுக்கக் கை இல்லை. அவர் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு, "ஏன் இப்படி அந்த ஆளையே நம்பிட்டு இருக்க? வேற யாராவது செய்ய மாட்டாங்களா?" என்பார். வேறு யாரிடமாவது போனால் திரும்ப முதலிலிருந்து மரம், ஆடி, பெயின்ட் என்று ஆகும். நானும் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன்.

போன் செய்தால் பெரும்பாலும் மனைவிதான் எடுப்பாள். "அக்கா, அவரு ஸ்ப்ரே அடிச்சிட்டிருக்காருக்கா. நடுவுல கூப்பிட்டா கோவிச்சுக்குவாரு." அவர் கிடைத்தால் என்ன கேட்டாலும் ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் சொல்வார்: "உங்க கை பத்திரமா இருக்கு மேடம். ஃப்ரிட்ஜுலதான் இருக்கு."

ஒரு தடவை எனக்குத் தாங்கவில்லை. "அங்க இருக்கற கை பத்திரமாதான் இருக்கும் தம்பி. நான் இங்க இருக்கறதப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

மார்கழியில் நான் போகவே முடியவில்லை. ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்தை விட்டு வெளியே போகவும் வழியில்லை, உள்ளே வரவும் வழியில்லை. மேல் வீட்டு மாமி கோயிலிலிருந்து வந்து பிரசாதம் கொடுத்து, "பெருமாள் அனுக்ரஹம் பண்ணுவார், எல்லாம் நல்லபடியா நடக்கும், பாருங்கோ" என்றார். பெருமாள் அனுக்ரஹம் பண்ணினாலும் மேல் பூச்சு காய வேண்டுமே மாமி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிரசாதத்தை வலது கையில் வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்ததும் பஸ்ஸில் போனேன். ஸ்கூட்டரை அதற்குள் ஓரம் கட்டியாகிவிட்டது. இடது பிரேக் என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ், ஜங்ஷன் பக்கம் இறங்கி இன்னொரு பஸ். கம்பியைப் பிடிக்க வலது கை, பையைப் பிடிக்க முழங்கை என்று ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், கொட்டகை வாசலில் ஒரு காலேஜ் பையன் சிவப்பு கிட்டார் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். பளபளவென்று இருந்தது. எப்போது சொல்லி வைத்தாய் என்று கேட்டேன்.

"ஆயுத பூஜை லீவுல ஆன்ட்டி" என்றான்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் சித்திரையில் சொன்னேன். இவன் ஆயுத பூஜைக்குச் சொல்லி, பொங்கலுக்கு எடுத்துக்கொண்டு போகிறான். இவனுக்கு ஆண்டவன் கொடுத்த பத்து விரலும் முழுசாக இருக்கிறது. இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். நான் உள்ளே போய், வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு என் கிட்டாரை எடுத்துக் காட்டினார். மயில்கழுத்து வந்திருந்தது. ஆனால் நீலம் பச்சையாகிற இடத்தில் ஒரு கோடு தெரிகிறதாம், அது அவர் மனசுக்கு ஒப்பவில்லையாம். நான் அந்த இடத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஒரு கோடும் தெரியவில்லை.

"கம்பி கட்டிக் குடுங்க தம்பி. இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் மேடம். இப்படிக் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது."

அவருக்குத் தூக்கம் வருவதற்காக நான் மாசி, பங்குனி இரண்டையும் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பிடுங்கிக்கொண்டு ஓட என் கையில் பிடி இல்லை.

இந்த வருஷம் அக்னி நட்சத்திர வெயிலில் போன் வந்தது. "முடிஞ்சிடுச்சு மேடம். வாங்க." நான் போன வருஷம் போன அதே புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, சின்னப் பெண் மாதிரி மடியில் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே போனேன். சுண்டு விரலும் மோதிர விரலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. மற்ற இரண்டும் கட்டை விரலும் இருந்தன. மூன்று இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கிட்டாரை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்திருந்தார். பொய் சொல்லக்கூடாது, நான் அப்படி ஒரு நிறத்தை மரத்தில் பார்த்ததில்லை. என் முந்தானையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். புடவை சாயம் போன மாதிரித் தெரிந்தது. மடியில் எடுத்து வைத்தேன். பூ மாதிரி இருந்தது. இடது கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்தேன்.

உட்காரவில்லை. கழுத்தின் பின்பக்கம், கட்டை விரல் சாய்வதற்காக ஒரு பள்ளமும் அதன் ஓரத்தில் ஒரு மேடும் விட்டிருந்தார். போன வருஷம் என் கட்டை விரல் சாய்ந்த இடம் அது. இப்போது என் கட்டை விரல் அந்த இடத்துக்குப் போவதில்லை. அடி மூட்டு வீங்கிப் புடைத்திருந்தது, அந்த மேடு நேராக மூட்டில் குத்தியது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்திப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் வலித்தது. கம்பியை அழுத்தினேன். சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"சரியா இல்லையே தம்பி" என்றேன்.

"இருக்காதே மேடம்" என்று பதறிப்போய் உள்ளே ஓடினார். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. என் கையை எடுத்துக்கொண்டு வந்தார். ஈயக் கம்பியை மெழுகின் மேல் வைத்தார், கழுத்தின் மேல் வைத்தார், மறுபடி மெழுகில் வைத்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. "பாருங்க மேடம், அப்படியே இருக்கு. கரெக்டா இருக்கு."

நான் அந்த மெழுகை அவர் கையிலிருந்து வாங்கி, பள்ளங்களில் என் விரல்களை வைத்தேன். சில்லென்று இருந்தது. ஆள்காட்டி விரல் உட்கார்ந்தது. நடு விரல் பாதி உட்கார்ந்தது. மற்ற இரண்டும் பள்ளத்தைத் தாண்டி எங்கேயோ நின்றன. கட்டை விரல் போகவே இல்லை. அது என் கைதான். என் கைதான் அதில் நுழையவில்லை. அப்படியே பிடித்துக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தியதை அப்படியே எழுத முடியாது. சாராம்சம் இதுதான்: ஒரு வருஷத்துக்கு முன்னால் இருந்த கைக்கு கிட்டார் செய்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, அந்தக் கையை எங்கே போய் வாங்குவது, நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா, ஈசலோடு கொடுத்திருந்தால் ஐப்பசியிலிருந்து இத்தனை மாதம் வாசித்திருப்பேனே, நேற்று வந்த பையனுக்கெல்லாம் செய்து கொடுக்கத் தெரிந்தவருக்கு என்னுடையது மட்டும் என்ன வந்தது. கத்தக் கத்த எனக்கு மூச்சு வாங்கியது. அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என்னிடம் கொடுக்கப் பயந்து, பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள்.

அவர்தான் மெதுவாகப் பேசினார். "அந்தப் பையன் இன்னும் நாலு கிட்டார் வாங்குவான் மேடம். இது சரியில்லன்னா அடுத்தது. நீங்க கடைசி கிட்டார்னு சொன்னீங்க. அதுல ஒரு குறைய வெச்சுக் குடுத்தா, அது கடைசி வரைக்கும் உங்ககிட்டயே இருக்குமே... அதான்..."

"இவரு மத்தவங்களோடத சட்டுனு முடிச்சிடுவாருக்கா" என்றாள் மனைவி. "உங்களோடதுன்னா தொடவே பயப்படுவாரு. எடுப்பாரு, பாப்பாரு, வெச்சிடுவாரு."

சீக்கிரம் செய்யட்டும் என்றுதான் நான் கடைசி கிட்டார் என்ற வார்த்தையைச் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் இந்த மனுஷர் ஒரு வருஷம் மெதுவாகச் செய்திருக்கிறார். திட்டவும் முடியவில்லை, சரி போகட்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெழுகு இளக்கறேன் மேடம். புதுசா ஒரு அச்சு எடுத்துக்கறேன். ரெண்டு நாள் குடுங்க, அந்த மேட்டை எடுத்துட்டு, மறுபடி ஒரு கோட் அடிச்சு..." என்றார்.

"ரெண்டு நாளா?" எனக்குப் போன கோபம் எல்லாம் திரும்பி வந்தது. "ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அச்சும் வேணாம், கோட்டும் வேணாம். கை இங்கதான் இருக்கு. இத வெச்சு, இப்ப, இங்க, நான் பாக்கச் செதுக்குங்க."

"பாலிஷ் போயிடும் மேடம்."

"போகட்டும்."

"இந்த பாலிஷுக்குத்தான் மேடம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சுரண்டுகிற தகடை எடுத்தார். கழுத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். கண்ணாடி மாதிரி இருந்த அந்தப் பூச்சில் அவர் முகம் தெரிந்தது. அவர் கை நகரவில்லை. எடுப்பாரு, பாப்பாரு, வெச்சிடுவாரு என்று அவள் சொன்னது என் கண் எதிரிலேயே நடந்தது. விட்டால் அடுத்த சித்திரை வரைக்கும் அப்படியே நிற்பார்.

தகடை அவரிடமிருந்து வாங்கி, வலது கையால் அழுத்தி, கழுத்தின் பின்பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தேன். வெள்ளையாக ஒரு சுருள் வந்து விழுந்தது. பாலிஷில் அரை ஜாண் நீளத்துக்குக் கீறல். அவர் "அம்மா!" என்றார், தனக்கு அடிபட்ட மாதிரி.

"இப்ப குறை வந்தாச்சு. இனி பயம் வேணாம். வேலையப் பாருங்க" என்று தகடைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேகமாகச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பையனுக்கெல்லாம் இந்த வேகத்தில்தான் செய்திருப்பார். கொஞ்சம் சுரண்டுவார், நான் பிடிப்பேன். "இங்க குத்துது" என்பேன். மறுபடி சுரண்டுவார். மேடு போயிற்று. நான் சொன்ன இடத்தில் ஒரு பள்ளம் வந்தது. மயில்கழுத்தும் பாலிஷும் தூளாகி அவர் மடியெல்லாம் கொட்டின. நடுவில் மனைவி இட்லி கொண்டுவந்தாள், என் கையோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்திய மாவுப் பாத்திரத்திலிருந்துதான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். வெயில் சாய்கிற நேரத்துக்கு என் கட்டை விரல் ஒரு இடத்தில் போய்ச் சும்மா இருந்தது. அமுக்காமல், சும்மா.

கம்பி கட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற ஒரு கார்டை இரண்டு விரலால் பிடித்தேன். மூன்று கம்பிகள்தான். மீட்டினேன். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இன்னொரு தரம் மீட்டினேன். போன வருஷக் கையாக இருந்தால் இதோடு இன்னும் என்னவெல்லாம் வாசித்திருக்கும் என்று நினைப்பு வந்தது. வந்த நினைப்பைத் துரத்த முடியவில்லை, அதையும் வைத்துக்கொண்டே வாசித்தேன்.

கிளம்பும்போது, "வெறும் மரமா விட்டா அழுக்கு ஏறும் மேடம். ஒரே ஒரு கோட்..." என்றார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கிட்டாரைப் பையில் போட்டு முதுகில் மாட்டிவிட்டார்.

மனைவி ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இத என்னக்கா பண்றது?" என்று மெழுகைக் காட்டினாள். உருக்கிவிடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். வீங்காத விரல்கள், நேரான விரல்கள், நான்கும் வரிசையாக. உலகத்தில் அந்தக் கை வேறு எங்கும் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கிட்டாரை மடியில் நிறுத்தி வலது கையால் அணைத்துக்கொண்டேன். மெழுகு இடது கையில் இருந்தது. அக்னி நட்சத்திரத்து மாலை, கம்பி தகரம் எல்லாம் கொதித்தது, கூட்டத்தில் காற்று வரவில்லை. ஜங்ஷனில் பஸ் மாறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் நிறுத்தி வைத்திருந்தான். பாலம் ஏறும்போதுதான் கொஞ்சம் காற்று வந்தது. வழியெல்லாம் நான் அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். கையில் இருப்பதை மறந்தே போய்விட்டேன்.

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்கிக் கையை விரித்துப் பார்த்தேன். மெழுகு இளகியிருந்தது. பழைய பள்ளங்கள் இல்லை. ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இரண்டு ஆழமான பள்ளம், மற்ற இரண்டுக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் தொட்டும் தொடாமலும் ஒரு தடம், கட்டை விரலுக்குப் புது இடம். இன்றைக்கு இருக்கிற கை அப்படியே இருந்தது. தெரு விளக்கு வெளிச்சத்தில் அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். மேல் வீட்டு மாமியிடம்கூடக் காட்டினேன். கிட்டார் செய்தவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால், புது அச்சு கிடைத்துவிட்டது மேடம் என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை.